பாடசாலைச் சுற்றாடற் கழகமும் எமது கடமையும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பாடசாலைகளில் மாணவர் தாமே நடத்தும் சுற்றாடற் கழகங்களைத் தொடங்குவது பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு பணிக்கப்பட்டுள்ளோம். மிஷன் பாடசாலையிற் கற்று இன்று பல்கலைக்கழகத்திற் பயிலும் நாம், பெரியோருக்குப் போதனை செய்ய வரவில்லை. வன்னி மண்ணின் பருவங்களை எம்மிலும் நன்கறிந்தவர்கள் நீங்கள். அவ்வறிவைப் பாடசாலைக்குள் கொண்டுசெல்ல உங்கள் துணையை நாடியே வந்துள்ளோம்.

இம்முயற்சி நாட்டுக்குப் புதியதன்று. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ், 1981இல் மத்திய சுற்றாடல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. அதன் ஆதரவில் பாடசாலைகளிற் சுற்றாடல் முன்னோடிப் படையணிகள் இயங்குகின்றன. நல்ல ஏற்பாடே. ஆயினும் இத்தகைய அமைப்பு பெயரளவில் நின்றுவிடாதிருக்க ஒன்று வேண்டும்: வேலையைத் திட்டமிடும் பொறுப்பு மாணவர் கையில் இருத்தல் வேண்டும். 1991இல் தன்சானியா நாட்டின் தாருஸ்ஸலாம் நகரில் 12 மாணவர், சிம்பன்சிகளை ஆராய்ந்த ஜேன் குடோல் அம்மையாரின் வீட்டு விறாந்தையிற் கூடித் தம் சூழலின் குறைகளை எடுத்துரைத்தனர். அவற்றைத் தீர்க்க அவர்களே முன்வர வேண்டும் என்று அம்மையார் ஊக்கினார். அக்கூட்டத்திற் பிறந்த இயக்கம் பின்னர் பல நாடுகளிற் பரவியது.

மாணவர் பொறுப்பு ஏன் வேண்டும் என்பதற்கு எம் மண்ணிலிருந்தே ஓர் உதாரணம் கூறுவோம். உலகச் சுற்றாடல் தினம் யூன் 5ஆந் தேதி. 1973 முதல் கொண்டாடப்படுகின்றது. அன்று மரக்கன்று நடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் வன்னியில் அது வைகாசி மாதம். அதன்பின் கச்சான் காற்று வீசும், கிணறு வற்றும், பெருமழை ஐப்பசி வரை வாராது. விருந்தினர் கன்றை நட்டுப் படமும் எடுத்துச் செல்வர். விடுமுறை வந்ததும் நீர் ஊற்ற ஆளில்லை. ஆவணியிற் பார்த்தாற் பெயர்ப்பலகை நிற்கும், கன்று இராது. நாள் உலகத்துக்குரியது, மழையோ வன்னிக்குரியது.

மாணவர் நடத்தும் கழகம் வன்னியின் பஞ்சாங்கத்தைப் பின்பற்றலாம். யூன் 5இல் நாற்றுமேடை அமைக்கட்டும். ஆனி, ஆடியில் உதிரும் வேப்பம் விதை சில வாரங்களில் முளைக்குந் திறனை இழந்துவிடும். ஆகவே பொறுக்கியவுடன் பைகளில் இடவேண்டும். ஆவணி, புரட்டாதியில் விழும் பனம்பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து, முதல் மழையோடு எல்லையோரத்தில் நேரே ஊன்றலாம். கன்றுகளை ஐப்பசி, கார்த்திகையில் நடுக. 2013 முதல் 2018 வரை இயங்கிய வட மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்ததும் இக்காரணம் பற்றியே. மழை ஓய்ந்ததும் அடியில் வைக்கோல் மூடாக்கு, சுற்றிலும் அலம்பல் வேலி, நீர் ஊற்ற முறைப்பட்டியல் என்பன வேண்டும். விதை பொறுக்குவது பாடசாலை வளவிலும் அறிந்த வீட்டு வளவுகளிலும் மட்டுமே; மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் ஒருவரும் அடி வைத்தலாகாது.

நட்ட கன்றுகளின் தொகையைக் கழகத்தின் பெருமையாகக் கொள்ளலாகாது. அடுத்த ஆவணியில் உயிரோடு நிற்பவை எத்தனை என்பதே கணக்கு. அத்தொகையைப் பாடசாலைச் சுவரில் எழுதி வைக்கட்டும்.

"பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறதே" என்று பெற்றார் கூறுவர். அது நியாயமான கவலை. வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து, ஓராண்டு முழுவதும் குறித்து வரைபடம் கீறும் பிள்ளை, கணிதமும் விஞ்ஞானமும் சேர்த்தே கற்கிறது.

2009இல் யுத்தம் முடிந்து மீண்டுவந்த குடும்பங்கள், கூரையிழந்த வீடுகளையும் தலையிழந்த பனைகளையும் கண்டன. இன்று வகுப்பிலிருக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் அதன்பின் பிறந்தோர். முன்பிருந்த நிழலை அவர்கள் காணவில்லை. பனை காய்க்கப் பதினைந்து ஆண்டளவு செல்லும். இன்று பதினொரு வயதுப் பிள்ளை ஊன்றுங் கொட்டை, அப்பிள்ளை தாயோ தந்தையோ ஆகும் வயதிலேதான் பயன் தரும். அத்தனை காலம் காக்கும் மனத்தை ஒருநாள் விழா உண்டாக்காது.

ஆகவே வாலிப உறுப்பினரே, நீங்கள் கற்ற பாடசாலைக்குச் சென்று அதிபரைக் காணுங்கள். தலைவரையும் காரியதரிசியையும் மாணவரே தெரிவு செய்யட்டும். ஆசிரியர் ஆலோசகராக அமையட்டும். பெரியோர்களே, விடுமுறை நாட்களில் உங்கள் கிணற்றிலிருந்து இரண்டு வாளி நீர் தாருங்கள். எந்த மரம் எந்த நிலத்தில் நிலைக்கும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பல்கலைக்கழக விடுமுறைகளில் நாமும் வந்து உடனுழைப்போம்.

வரும் ஐப்பசி மழைக்கு முன் ஒரு பாடசாலையிலேனும் இப்பணி தொடங்குமாக.