வகுப்பறையில் எந்த சீட்டுக்கு இந்த ரேங்க்?

(உத்தமபாளையம் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2017 மே 11 அன்று தமிழக அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் மாநில முதலிடம், இரண்டாமிடம், மூன்றாமிடம் என்று பட்டியல் போடும் வழக்கம் இனி இல்லை என்று அறிவித்தார் அன்றைய அமைச்சர் செங்கோட்டையன். மறுநாள் பிளஸ் டூ முடிவு வந்தது, பட்டியல் வரவில்லை. அதுவரை ஒவ்வொரு மே மாதமும் நாலைந்து பிள்ளைகளுக்கு லட்டு ஊட்டும் படம் பத்திரிகைகளில் வரும். நன்றாகப் படித்துத் தேறிய லட்சக்கணக்கான பிள்ளைகள் தோற்றவர்களைப்போலத் தலைகுனிந்து நிற்பார்கள்.

அந்த உத்தரவை வரவேற்கிறேன். ஆனால் மாநிலத்தில் ஒழிந்த ரேங்க், நம் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது?

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டுக்கு வருகிறதே ரேங்க் கார்டு, அதை எடுத்துப் பாருங்கள். ஐந்து பாடம், மொத்தம், சராசரி, கடைசிக் கட்டத்தில் ரேங்க். ஒரு பாடத்தில் 34 எடுத்துவிட்டால் அந்தக் கட்டத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு. விடியுமுன் ஜீப் ஏறி, கம்பம் மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போய், பொழுதுசாய வீடு திரும்புகிற தாய், கையெழுத்துப் போடும்போது பார்ப்பது அந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். பிள்ளைக்கு வராதது பின்னமா, இயற்கணிதமா, ஆங்கில வாசிப்பா? அந்த எண் சொல்லாது. 28 என்றால், முன்னால் 27 பேர் இருக்கிறார்கள். அவ்வளவுதான் அதில் இருக்கிற செய்தி.

இன்னொன்று. நாற்பது பேர் படிக்கிற வகுப்பில் நாற்பது பேரும் அரையாண்டில் ஐம்பது மதிப்பெண் கூடுதலாக எடுக்கட்டும். ரேங்க் மாறுமா? நாற்பதாவது பிள்ளை நாற்பதாவதுதான். ராத்திரி கண்விழித்துப் படித்து முன்னேறிய பிள்ளையிடம், "நீ இருந்த இடத்திலேயேதான் இருக்கிறாய்" என்று சொல்கிறது அந்தக் கார்டு. இது பொய், பெரியோர்களே! பள்ளியின் முத்திரை குத்திய பொய்!

"உலகமே போட்டி, நீட்டில் ரேங்க் இல்லையா, இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் இல்லையா?" என்று கேட்கிறார்கள். இருக்கிறது. அங்கே சீட்டு குறைவு, கேட்பவர் அதிகம்; வரிசை வைத்தே ஆகவேண்டும். ஒன்பதாம் வகுப்பில் என்ன சீட்டைப் பங்கிடுகிறோம்? ஒரு பிள்ளைக்குக் கணக்குப் புரிந்துவிட்டால் பக்கத்துப் பிள்ளைக்குப் புரிவது குறைந்துபோகுமா? நாற்பது பேருக்கும் புரியலாம். புரியவைப்பதற்குத்தானே பள்ளிக்கூடம்? போடியில் ஏலக்காயைச் சலித்து, எட்டு மில்லிமீட்டர், ஏழு மில்லிமீட்டர் என்று தரம் பிரிக்கிறோம். அது ஏலத்துக்குப் போகிற சரக்கு. நம் பிள்ளைகள் சரக்கல்ல!

ஆனால் சரக்காகத்தான் ஆக்கியிருக்கிறார்கள். தேர்வு முடிவு வந்த வாரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனால் "பள்ளி முதலிடம்" என்று ஃபிளெக்ஸில் பிள்ளைகளின் முகம். அடுத்த ஆண்டு சேர்க்கைக்கு அது விளம்பரம். அந்த ஃபிளெக்ஸில் "நூறு சதவீதத் தேர்ச்சி" என்று போடுவதற்காக, மெதுவாகப் படிக்கிற பிள்ளையின் தகப்பனை ஒன்பதாம் வகுப்பிலேயே கூப்பிட்டு, "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்கிற பள்ளிகள் இருக்கின்றன. அப்படி வாங்கி வந்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. மாணவர் பட்டியலை நிறுத்தினீர்கள். மாவட்ட வாரியான தேர்ச்சி விகிதத்தை ஆண்டுதோறும் வெளியிடுகிறீர்களே! அன்று மாலையே தேனி எத்தனையாவது இடம் என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. இடம் இறங்கினால் தலைமையாசிரியர் பதில் சொல்லவேண்டும்; அவர் ஆசிரியரை நெருக்குவார்; கடைசியில் அந்தச் சுமை கடைசி பெஞ்சுப் பிள்ளையின் தலையில்தான் இறங்கும்.

ரேங்க் போனால் படிப்பு போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் சிங்கப்பூரைப் பாருங்கள். தேர்வுப் போட்டிக்குப் பேர்போன நாடு அது. 2012இல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவர் பெயரை அறிவிப்பதை நிறுத்தினார்கள். 2019 முதல், வகுப்பில் எத்தனையாவது இடம் என்பதை மதிப்பெண் ஏட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2022இல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு உலக அளவில் நடந்த பீசா சோதனையில் கணக்கு, அறிவியல், வாசிப்பு மூன்றிலும் மற்ற எல்லா நாடுகளையும்விட அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் அந்த நாட்டுப் பிள்ளைகள்தான்.

பெற்றோர்களே, அரசுப் பள்ளியில் உங்கள் கையில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள்: கார்டில் ரேங்க் கட்டம் வேண்டாம், அந்த இடத்தில் எந்தப் பாடத்தில் எது வரவில்லை என்று ஆசிரியர் இரண்டு வரி எழுதட்டும். மெட்ரிக் பள்ளிப் பெற்றோர்கள் கையெழுத்து வாங்கி நிர்வாகத்திடம் மனுவாகக் கொடுங்கள். அரையாண்டுக் கார்டு அச்சுக்குப் போகுமுன் கொடுங்கள்!