விழுக்காடு போடுகிறவர் பக்கத்தில் யார்?

(திருக்கடையூரில் தோழர்கள், மாணவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

திருக்கடையூருன்னா வெளியூர்க்காரங்களுக்கு அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும்தான் ஞாபகம் வரும். ஆயுசு கேட்டு வர்ற ஊரு. கை கால் போனபிறகு மிச்ச ஆயுசை எப்படி ஓட்டுறது, அதுக்கு என்ன விலைன்னு யார் முடிவு பண்றாங்க என்பதைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

வேலை முடிஞ்சு ரோட்டோரமா நடந்து வர்ற ஒரு பெண் மேல லாரி மோதுது. வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகுது. மருத்துவர் ‘வலது கை, 30 விழுக்காடு’ என்று எழுதித் தருகிறார். உடனே வருமானத்திலும் 30 விழுக்காடுதான் போச்சு என்று கணக்கை முடிப்பது பழைய வழக்கம்.

இது தப்பு என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1975இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சருக்கு இழப்பு 100 விழுக்காடு என்று ஒப்புக்கொண்டது. ஒரு கையால் தச்சுவேலை நடக்குமா? 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் இதை இன்னும் விளக்கமாகச் சொன்னது. உறுப்பின் ஊனம் வேறு, முழு உடம்பின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறன் போவது வேறு. இடது கை போன ஓட்டுநருக்குப் பிழைப்பே போச்சு. அரசு அலுவலக எழுத்தருக்கு வேலை நிலைக்கலாம்.

அப்படின்னா வேலையைப் பற்றித் தெரிந்த ஒரு ஆள் நீதிபதிக்குப் பக்கத்தில் வேணும். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 169(3) பிரிவு, தனி அறிவுள்ள ஒருவரையோ சிலரையோ விசாரணைக்குத் துணையாகத் தீர்ப்பாயம் தேர்ந்துகொள்ளலாம் என்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாநில ஆணையருக்கு ஐந்து பேருக்கு மிகாத வல்லுநர் குழு என்கிறது. அந்த நாற்காலியில் உட்கார என்ன தெரிந்திருக்க வேண்டும்?

முதலாவது, வேலையைப் பிரித்துப் பார்க்கத் தெரியணும். ‘நடவு’ன்னு ஒரே சொல்லில் எழுதிடுறோம். சேத்துல கால் ஊன்றணும், இடுப்பு மடங்கணும், ஒரு கையில நாத்து முடியைப் பிடிக்கணும், மறு கை விரலால பிரிச்சு நடணும். பெருவிரல் பிடி போனா நடவு போச்சு. முட்டி மடங்கலைன்னா களையெடுப்பும் போச்சு. ‘உட்கார்ந்து செய்ற வேலை பார்க்கலாமே’ என்பார்கள். சேரிப் பெண்ணுக்கு அந்த வேலையை இந்த ஊர்ல யார் கொடுப்பா? நிலம் வச்சிருக்கிறவருக்குக் கால் போனாலும் குத்தகை வரும். நமக்கு உடம்புதான் காணி.

இரண்டாவது, சான்றிதழை வாசிக்கத் தெரியணும். எந்த உறுப்புக்கு விழுக்காடு? நிரந்தரமா, தற்காலிகமா? எழுதியவர் சிகிச்சை தந்தவரா, காகிதத்தைப் பார்த்து எழுதியவரா? உடம்பைப் பற்றி மருத்துவர் சொல்லலாம். பிழைப்பில் எவ்வளவு போச்சு என்பதைத் தீர்ப்பாயம்தான் முடிவு செய்யணும்.

மூன்றாவது, கேட்கத் தெரியணும். ‘நடக்க முடியுமா?’ என்றால் நம்ம சனம் ‘முடியும் சாமி’ என்றுதான் சொல்லும். முடியலைன்னு சொன்னா நாளைக்கு வேலைக்குக் கூப்பிடமாட்டாங்கன்னு பயம். எவ்வளவு தூரம், நடுவுல எத்தனை தடவை உட்காருவீங்க, மறுநாள் காலையில எப்படி இருக்கும் என்று கேட்கணும். காது கேளாதவர் வந்தால் சைகை மொழி தெரிந்தவரைக் கூப்பிடணும். வீட்டாரைப் பதில் சொல்ல விட்டு முடிச்சிடக் கூடாது. வலியும் மனநோயும் பார்த்தாத் தெரியாது, ஒரு நாள் போல மறுநாள் இருக்காது.

நான்காவது, நம்ம ஆளுக்கும் சாயாம இருக்கத் தெரியணும். அங்கே உட்கார்ந்தவர் வக்கீல் கிடையாது. கூட்டிச் சொன்னால் கூடுதல் என்று காரணத்தோடு எழுதணும். ஒரு பொய்க்குத் துணை போனா, அடுத்து வர்ற பத்து பேரோட உண்மையையும் சந்தேகப்படுவாங்க.

பிரிட்டனில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை மேல்முறையீட்டை மூன்று பேர் விசாரிக்கிறார்கள். ஒருவர் சட்டம் தெரிந்த நீதிபதி, ஒருவர் மருத்துவர். மூன்றாமவர் தானே மாற்றுத்திறனாளியாகவோ அவர்களோடு வேலை செய்த அனுபவம் உள்ளவராகவோ இருக்கணும். அனுபவத்தையும் அறிவு என்று அங்கே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே சட்டத்தில் ‘துணைக்குத் தேர்ந்துகொள்ளலாம்’ என்பதோடு நிற்கிறது. கேட்காத வரைக்கும் அந்த ‘லாம்’ அப்படியேதான் கிடக்கும்.

மாணவர்களே, சட்டமோ இயன்முறை மருத்துவமோ சமூகப்பணியோ படிக்கிறவங்க இந்த நாலையும் கத்துக்குங்க. மாற்றுத்திறனாளித் தோழர்கள் முதல்ல வாங்க. பாதி பாடம் உங்க உடம்பிலேயே இருக்கு. களத்தில் இருக்கும் தோழர்கள், அடிபட்டவர் முன்பு என்னென்ன வேலை செய்தார், இப்போ எது முடியலை என்று அன்றைக்கே எழுதி வாங்குங்க. வக்கீலிடம் சொல்லி 169(3) பிரிவைக் காட்டி, விவரம் தெரிந்தவரைத் துணைக்கு அழைக்கச் சொல்லி மனுப் போடுங்க. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்க.