பதில் எழுதுமுன் ஒரு கேள்வி

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பம்பாயிலும் தில்லியிலுமாக முப்பது வருஷம் பர்ஸனல் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னிடம் வந்த தகராறுகளில் பல, ஒரே ஒரு வரியில் ஆரம்பித்தவை. மேலதிகாரி ஈ-மெயில் அனுப்புகிறார்: "இதை யார் தயார் செய்தது?" நேரில் கேட்டிருந்தால் முகமும் குரலும் அர்த்தம் சொல்லியிருக்கும். எழுத்தில் இது பாராட்டா, அதட்டலா? படிப்பவர் அன்று இருக்கும் மனநிலையே அதற்குக் குரல் கொடுத்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர்கள் ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலானோர் 2005-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். ஈ-மெயிலில் தங்கள் கிண்டல் புரியும் என்று எழுதியவர்கள் நம்பிய அளவுக்கு அது புரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், படித்தவர்களும் தாங்கள் சரியாகவே புரிந்துகொண்டதாக நம்பினார்கள்!

ஆகவே, அர்த்தம் சந்தேகமாக இருந்தால் பதில் எழுதாதீர்கள், கேள்வி கேளுங்கள். "ஸார், இதில் ஏதாவது மாற்ற வேண்டுமா?" என்று போனிலோ நேரிலோ கேட்டால் இரண்டு நிமிஷத்தில் தெளிந்துவிடும்.

சில செய்திகள் குத்தவே செய்யும். எனக்குத் தெரிந்த ஒரு பையன், தில்லியில் வேலை. "மதராஸிக்குக் கணக்கைத் தவிர என்ன தெரியும்?" என்று ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் எழுத, பத்துப் பேர் சிரித்தார்கள். அவன் குரூப்பில் பதிலுக்குப் பதில் எழுதவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கவும் இல்லை. அவரைத் தனியாகப் பார்த்து, "நீங்கள் எழுதியதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?" என்றான். அவர் வருத்தம் தெரிவித்து அந்த வரியை எடுத்துவிட்டார். மறுபடியும் நடந்திருந்தால் தேதியோடு மேலதிகாரிக்கு எழுதிக் கொடுப்பதுதான் அடுத்த படி.

ஆனால் பெண்களுக்கு வரும் ஆபாசச் செய்திகளில் இந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அங்கே அனுப்பியவரிடம் போய் அர்த்தம் கேட்க வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடமென்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம். அருவருப்பில் செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. பெற்றோர்களே, பெண் வந்து சொன்னால், "விட்டுத் தள்ளு, வேலைதான் முக்கியம்" என்று வாயை அடைக்காதீர்கள். நாம் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அந்த 3 மாதத்தில் கழிகிறது.

கடைசியாக, நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. சக ஊழியரின் சாப்பாட்டைப் பற்றியும், அவர் வேலைக்கு வந்த வழியைப் பற்றியும் நம்மவர்கள் தமாஷாக எழுதுவது உண்டு. மதராஸி என்ற சொல் நமக்கு எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. பதில் எழுதுமுன் ஒரு கேள்வி என்றேன்; அனுப்புமுன்னும் ஒன்று வேண்டும்: "இதை அவர் எதிரில் நின்று சொல்வேனா?"