இடைக்கால உத்தரவும் நமது கடமையும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது கோர்ட்டு விஷயம். "கோர்ட்டு வக்கீல்கள் பாடு, நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பதனால்தான் நம் காலடி நிலம் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

2006-ம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்டு வன உரிமைச் சட்டம் செய்தது. 2005 டிசம்பர் 13-ந் தேதிக்கு முன்பிருந்தே காட்டில் வாழ்ந்து பயிர் செய்யும் பழங்குடி மக்களுக்கும், மூன்று தலைமுறையாக அங்கே வாழும் மற்றவர்களுக்கும் அந்த நிலத்தில் பாத்தியதை உண்டு என்பது அதன் சாரம். முதலில் கிராம சபை விசாரிக்க வேண்டும். அதன்மேல் உட்கோட்டக் கமிட்டி. அதற்கும் மேல் ஜில்லாக் கமிட்டி. விசாரணை முடியும்வரை ஒருவரையும் வெளியேற்றக்கூடாது என்று அச்சட்டத்தின் 4-வது பிரிவிலேயே எழுதியிருக்கிறது.

இச்சட்டத்தை எதிர்த்து வனவிலங்குப் பாதுகாப்புக்காரர்கள் சிலர் 2008-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். 2019 பிப்ரவரி 13-ந் தேதி, விண்ணப்பம் தள்ளப்பட்டவர்களை எல்லாம் ஜூலை 24-ந் தேதிக்குள் வெளியேற்றும்படி இடைக்கால உத்தரவு பிறந்தது. தள்ளப்பட்டவை 11 லட்சத்துக்கு மேல்! ஏன் தள்ளினார்கள், தள்ளியதை அவர்களுக்குச் சொன்னார்களா, 60 நாளில் அப்பீல் செய்ய வழிவிட்டார்களா என்று அந்த 11 லட்சம் பேரில் யாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்? உழுதவன் காட்டிலே, அவன் விதி டில்லிக் காகிதத்திலே!

பிறகு நடந்தது என்ன? வானத்திலிருந்து ஒரு தெய்வமும் இறங்கிவரவில்லை. ஊரூராய்க் கூச்சல் கிளம்பிற்று. மத்திய சர்க்கார் மனுப் போட்டது. பிப்ரவரி 28-ந் தேதி அதே கோர்ட்டு தன் உத்தரவை நிறுத்திவைத்து, "எந்த முறையில் தள்ளினீர்கள், சொல்லுங்கள்" என்று மாநில சர்க்கார்களைக் கேட்டது. பழங்குடிச் சங்கங்களும் "எங்களையும் கேளுங்கள்" என்று வழக்கில் சேர மனுப் போட்டன. பதினைந்து நாளில் உத்தரவைத் தடுத்தது மனுவா, மந்திரமா? யோசித்துப் பாருங்கள்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் இது வரலாம். யாரோ இருவர் வழக்காடுவார்கள். தடை உத்தரவு உங்கள் வயலைக் கட்டும். அப்போது என்ன செய்வது? 1908-ம் வருஷத்துச் சிவில் நடைமுறைச் சட்டத்தில் 1-வது ஆர்டர் 10-வது விதி இருக்கிறது. இந்த வழக்கு சரியாகத் தீர நம்மையும் கேட்பது அவசியம் என்று காட்டினால், நம்மையும் கட்சிக்காரராகச் சேர்க்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. சேர்ந்த பிறகு, 39-வது ஆர்டர் 4-வது விதிப்படி அத்தடையை நீக்கவோ மாற்றவோ கேட்கலாம். முதலில் சேர வேண்டும். பிறகுதான் எதிர்க்க வேண்டும்.

சும்மா "என் நிலம்" என்றால் போதாது. உத்தரவின் நகல், பட்டா, அடங்கல், கிஸ்தி ரசீது எல்லாம் வேண்டும். மேலெழுந்த பார்வைக்கு நியாயம் யார் பக்கம், தடையால் யாருக்கு அதிகக் கஷ்டம், பிறகு ஈடுசெய்ய முடியாத நஷ்டம் வருமா என்ற மூன்றையும் கோர்ட்டு பார்க்கும். தாமதித்தாலோ, "இத்தனை நாள் எங்கே இருந்தீர்?" என்று கேட்கும்.

ஆகவே ரசீதைப் பரண்மேல் போட்டுவிட்டு "தலையெழுத்து" என்று உட்காராதீர்கள். தலையில் எழுதினதை யாரும் படித்ததில்லை. கோர்ட்டில் எழுதினதைப் படிக்கலாம், எதிர்க்கலாம், மாற்றவும் வைக்கலாம். இன்றே வீட்டுக்குப்போய் உங்கள் காகிதங்களை எடுத்துப் பாருங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.