துளை விழுந்த காசு எப்போது பழுது?

அந்தமானில் புழங்கிய பழைய காசு ஒன்று புதிய சேகரிப்பாளரைத் திகைக்க வைக்கும். செம்பில் அடித்தது. ஒரு பக்கம் விக்டோரியா ராணியின் தலை. மறுபக்கம் 'அந்தமான் டோக்கன், ஒரு ரூபாய்' என்று ஆங்கிலத்தில் எழுத்து. 1861 அல்லது 1866 என்று ஆண்டு. நட்டநடுவில் ஒரு துளை!

வேறு விக்டோரியா காசில் இப்படித் துளை இருந்தால் விலை சரிந்துவிடும். இந்த டோக்கனுக்கோ துளைதான் அடையாளம். 1858 மார்ச்சில் போர்ட் பிளேரில் தொடங்கிய தண்டனைக் குடியிருப்புக்குள் செல்லுபடியாவதற்கென்றே வந்த காசு இது. 'செல்லுலார் ஜெயில் காசு' என்று யாராவது இதை நீட்டினால் நம்ப வேண்டாம். அந்தச் சிறையைக் கட்டத் தொடங்கியதே 1896-இல்தான்.

நம் வீடுகளிலும் துளையிட்ட காசுகள் உண்டு. காசுமாலைக்காகத் துளைத்ததும், வளையம் பற்றவைத்ததும் தட்டான் பட்டறையில் நடந்த வேலை. நாணயசாலைக்கு அதில் பங்கில்லை. ஆகவே சேகரிப்பாளர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இந்த மாற்றம் நாணயசாலைக்குள் நடந்ததா, வெளியே வந்த பிறகு நடந்ததா?

விடை பெரும்பாலும் காசிலேயே இருக்கிறது. காசின் மேல் ஒரு கோடு தெரிகிறதா? அது மேடாகப் புடைத்திருந்தால் அச்சு விரிசல் கண்டிருக்கலாம்; விரிசலுக்குள் உலோகம் ஏறி அந்தக் கோட்டை உண்டாக்கியிருக்கும். அது நாணயசாலைப் பிழை. கோடு பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் வெறும் கீறல்.

ஓரம் பிறை போல வெட்டுப்பட்ட காசும் அப்படித்தான். தகட்டிலிருந்து வில்லை வெட்டும்போதே குறை நேர்ந்திருந்தால், வெட்டுக்கு நேர் எதிர்ப்புற விளிம்பும் பலமுறை மங்கலாக விழும். எதிர் விளிம்பு எடுப்பாக இருந்து, வெட்டிய இடத்தில் அரத்தின் தடமும் தெரிந்தால் அது யாரோ கைவரிசை காட்டியது. இருஉலோகப் பத்து ரூபாயின் நடுவட்டத்தைத் தட்டிக் கழற்றி, திருப்பிப் பொருத்தி, 'அபூர்வப் பிழை' என்று விற்பதும் நடக்கிறது. இரண்டு உலோகமும் சேரும் இடத்தைப் பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் பார்த்தால் நெம்பிய தடம் தெரிந்துவிடும்.

பிழை வேறு, வகை வேறு. இன்றைய காசில் ஆண்டுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா. இவை பிழைகள் அல்ல, வகைகள். வகைகளில் பேர்போனது 1911-இன் 'பன்றி ரூபாய்'. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் இருந்த யானை பன்றியைப் போலத் தெரிந்ததால் எதிர்ப்பு எழுந்தது. 1912-இல் யானையின் உருவத்தைத் திருத்தி அடித்தார்கள்.

தீவுகளில் கிடைக்கும் காசுகளுக்குக் கூடுதல் சோதனை, உப்புக்காற்று. செம்பு பச்சை பூக்கும், இரும்பு கலந்தது துருவேறும். அரிப்பால் எழுத்து மங்கிய காசை 'அச்சு விழாத காசு' என்று எண்ணிவிடக் கூடாது. எடையும் பரப்பின் சொரசொரப்பும் உண்மையைச் சொல்லும். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது இன்னொரு கேடு. பளபளப்பு வரும், மேற்பரப்பின் நுணுக்கம் போய்விடும். ஈரமில்லாத காகித உறையில் வைத்தாலே போதும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரில் கட்டணமும் வரியும் கேட்டு ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இத்தகைய வியாபாரத்தில் தனக்குத் தொடர்பே இல்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிவித்தது. காசை விற்றுத் தருவதாக முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.