சர்வர் ஓடுது, பக்கம் மட்டும் திறக்கல!



"சர்வர் டவுன்" என்ற வார்த்தையைக் கேட்காம சான்றிதழ் வாங்கினவங்க இங்க யாராவது இருக்கீங்களா? கை தூக்குங்க பார்ப்போம். சரி, புரியுது! இன்னைக்கு நான் சொல்லப்போறது, சர்வர் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே டவுன் மாதிரி தெரியற ஒரு கோளாறு. அது டீஃபால்ட் கேட்வே சம்பந்தப்பட்டது.

உங்க போன்லயும் இது உண்டு. இணைஞ்சிருக்கிற வைஃபையின் விவரத்தைத் திறந்தா, கேட்வே என்று 192.168.1.1 மாதிரி ஒரு எண் இருக்கும். பெரும்பாலும் அது வீட்டு ரவுட்டர். வீட்டுக்குள்ள இருக்கிற பிரின்டரோட பேச அது வேண்டாம். வெளியே எங்க போகணும்னாலும் அந்த வாசலைத் தாண்டித்தான் போகணும்.

லினக்ஸ் சர்வரிலும் அதே கதைதான். ஆனா பல சர்வர்களில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருக்கும். ஒன்று பொதுமக்கள் வரும் வழி. இன்னொன்று அலுவலகத்துக்குள், பேக்கப் எடுக்க. அமைக்கிறவர் இரண்டிலும் கேட்வே எண்ணை நிரப்பிட்டார்னு வைங்க. ஒரு ரீபூட் வரைக்கும்கூட அது வெளியே தெரியாம இருக்கலாம்.

அப்புறம் என்ன நடக்கும்? உங்க மொபைலிலிருந்து கேள்வி சரியான வாசல் வழியா சர்வருக்கு வந்து சேரும். பதில் மட்டும் உள்வாசல் வழியா போய்த் தொலைஞ்சுடும். திரையில் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். உள் நெட்வொர்க்கில் இருக்கிற ஊழியருக்கோ கேட்வே தேவையே இல்லை. பக்கம் பளிச்சுனு திறக்கும். "இங்க நல்லாத்தானே வருது?" என்பார். அவர் சொல்றதும் நிஜம், நீங்க சொல்றதும் நிஜம். இந்த இழுபறியில் கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாள் போயிடும். கோளாறைவிட இதுதான் எனக்குப் பெரிய விஷயமாப் படுது.

கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். டெர்மினலில் 'ஐபி ரூட்' கட்டளை கொடுத்தா, டீஃபால்ட் என்று தொடங்கும் வரி தெரியும். இந்த மாதிரி சர்வரில் அது ஒன்றுதான் இருக்கணும். இரண்டு இருந்தா, மெட்ரிக் எண் குறைவா இருக்கிறதுதான் ஜெயிக்கும். 'ஐபி ரூட் கெட்' என்று போட்டு வெளி முகவரி ஒன்றைக் கொடுத்தா, பதில் எந்த வாசலில் போகுதுன்னு அதுவே சொல்லிடும்.

சரிசெய்ய, உள் கார்டின் கேட்வேயை எடுத்துட்டு, தேவையான உள் நெட்வொர்க்குகளுக்கு மட்டும் தனி வழி எழுதணும். கட்டளையில் மட்டும் மாத்தினா அடுத்த ரீபூட்டில் பழையபடி ஆகிடும்; அமைப்புக் கோப்பிலும் மாத்தணும். தூரத்திலிருந்து மாத்தினா நம்ம இணைப்பே அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. அதனால உபுண்டுவில் 'நெட்பிளான் ட்ரை' நல்லது. 120 விநாடிக்குள் நாம உறுதி செய்யலைன்னா பழைய அமைப்புக்கே திரும்பிடும்.

உங்க பங்கு? புகார் எழுதும்போது "திறக்கலை" என்று மட்டும் போடாதீங்க. மொபைல் டேட்டாவா, வீட்டு வைஃபையா, அலுவலக வைஃபையா, மணி எத்தனை, இதையும் சேர்த்து எழுதுங்க. உள்ளே திறந்து வெளியே திறக்கலைன்னு தெரிஞ்சாலே, பார்க்கிறவர் முதலில் ரூட் பட்டியலைத்தான் திறப்பார்.