படத்துக்கு முன் பலகை

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக.)

செயலாளர் என்னை ‘கலைஞர்’ என்று அறிமுகப்படுத்தினார். அதை முதலில் திருத்திவிடுகிறேன். படம் வரைகிறவள் என் மனைவி. எனக்கு ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு நேராக வராது. படித்தது பி.காம்., முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கிளார்க். ஓய்வுக்குப் பிறகு நான் பார்க்கும் வேலை, அவளுக்கும் நம் கட்டிடத்தில் தஞ்சாவூர் ஓவியம் கற்றுக்கொள்ளும் மற்றவர்களுக்கும் பலகை செய்து தருவது. ஆகவே இன்று வண்ணம், தங்க ரேக்கு பற்றியெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். படத்துக்கு அடியில் இருப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

இதை ஏன் பேச வேண்டும் என்று தோன்றலாம். கடையில்தான் எல்லாம் தயாராகக் கிடைக்கிறதே? பலகை, துணி, சாக் பவுடர், கல், எல்லாம் ஒரே பெட்டியில். நம் பி பிளாக்கில் ஒரு அம்மா அப்படி ஒரு பெட்டி வாங்கி ஆலிலைக் கிருஷ்ணர் வரைந்தார். நாலு மாதம். மகளின் புது வீட்டுக்குக் கொடுப்பதற்காக. ஆடியில் முடித்துக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். ஐப்பசி மழை வந்ததும் பலகை வளைந்துவிட்டது. நடுவில் பள்ளம், நாலு ஓரமும் முன்னால் வந்து கண்ணாடியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. கிருஷ்ணரின் முழங்காலில் மக்கு வேலை விண்டு, ரேக்கு பிரிந்துவிட்டது. ஃபிரேம் கடைக்காரர் பார்த்துவிட்டு, “இதை அமுக்கி நேராக்கினால் மீதியும் உதிரும்மா” என்று கையை விரித்துவிட்டார். பெட்டியில் வந்த பலகை வெறும் எம்.டி.எஃப். அட்டை. பின்பக்கத்தில் ஒரு பூச்சுக்கூட இல்லை.

ஓவியத்தில் நிறம் பிடிக்கவில்லையா, மேலே இன்னொரு நிறம் போடலாம். கல் விழுந்தால் ஒட்டலாம். ஃபிரேமை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம். பலகையை மட்டும் பிறகு மாற்ற முடியாது. நாலு மாத உழைப்பும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் நாம் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கை வைப்பதும் அதில்தான்.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பழைய பெயரே ‘பலகைப் படம்’தான். அந்தக் காலத்தில் பலா, தேக்குப் பலகைகளில் வரைந்தார்கள். தஞ்சாவூர் வீணை செய்வதும் பலா மரத்தில்தான். அந்தப் பலகையில் துணி ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துப் பல பூச்சு பூசி, வழவழப்பாகத் தேய்த்த பிறகுதான் தூரிகையை எடுப்பார்கள். ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியில் செனினோ செனினி என்ற ஓவியர் ஒரு கைந்நூல் எழுதினார். அதிலும் இதே வரிசைதான்: பலகை, அதன் மேல் துணி, அதன் மேல் பசையில் குழைத்த ஜிப்சம், அடுக்கடுக்காக. அவர்கள் தோல் பசை போட்டார்கள், நம்மவர்கள் மரப்பிசினும் புளியங்கொட்டைப் பசையும் போட்டார்கள். மரத்தின் குணம் இரண்டு ஊரிலும் ஒன்றுதானே! உலகப் புகழ் பெற்ற மோனாலிசாவும் கேன்வாஸில் வரைந்தது இல்லை; பாப்லர் மரப் பலகையில் வரைந்தது, சுமார் 77-க்கு 53 செ.மீ. அந்தப் பலகையும் வளைந்திருக்கிறது. உச்சியில் ஒரு விரிசல் விட்டு, பின்னால் வண்ணத்துப்பூச்சி வடிவில் மரத்துண்டு பதித்துப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

மரம் ஏன் வளைகிறது? உங்கள் வீட்டு மரக்கதவு மழைக்காலத்தில் இறுகிக்கொள்கிறது, பங்குனியில் லேசாகிவிடுகிறது, இல்லையா? காற்றில் ஈரம் ஏறினால் மரம் குடித்து உப்பும், குறைந்தால் சுருங்கும். இழை ஓடும் நீளவாக்கில் அது அநேகமாக அசைவதில்லை. குறுக்குவாக்கில்தான் எல்லா ஆட்டமும். பிளைவுட்டில் மெல்லிய தகடுகளை ஒன்று நீளம், அடுத்தது குறுக்கு என்று மாற்றி மாற்றி ஒட்டுகிறார்கள். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். தகடுகளின் எண்ணிக்கை 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் இருக்கும். அப்போதுதான் இரண்டு முகமும் ஒரே மாதிரி இழுக்கும்.

இங்கேதான் என் பி.காம். படிப்பு உதவுகிறது. நாம் என்ன செய்கிறோம்? முன்பக்கத்தில் துணி, ஆறு பூச்சு சுண்ணம், வண்ணம், ரேக்கு எல்லாம் ஏற்றுகிறோம். பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறோம். முன்பூச்சு காயும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கிறது. மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் பின்பக்கம் ஈரம் குடித்து உப்புகிறது. இரண்டும் சேர்ந்து பலகையை ஒரே திசையில் வளைக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் காய்ந்த அப்பளம் சுருள்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. இரட்டைப் பதிவுக் கணக்கில் பற்று எழுதினால் வரவும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம் கணக்கு டேலி ஆகாது. பலகையும் அப்படித்தான். முன்பக்கம் துணி ஒட்டினால் பின்பக்கமும் துணி. முன்பக்கம் சுண்ணம் என்றால் பின்பக்கமும் சுண்ணம். பின்னால் அத்தனை அழகாகத் தேய்க்க வேண்டாம், இரண்டு மூன்று பூச்சு குறைந்தாலும் பாதகமில்லை, ஆனால் பதிவு இருக்க வேண்டும். இன்று நான் சொல்வதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

15-க்கு 12 அங்குலப் படத்துக்கு 12 மி.மீ. பிளைவுட் போதும். கடையில் எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., மரைன் என்று மூன்று சொல்வார்கள். எம்.ஆர். விலை குறைவு, அதன் பசை ஓரளவுக்குத்தான் ஈரம் தாங்கும். கடல் காற்று அடிக்கும் நம் ஊருக்கு பி.டபிள்யூ.ஆரை எடுங்கள். பலகையில் முத்திரை பாருங்கள்: சாதாரண வகைகளுக்கு ஐ.எஸ். 303, மரைனுக்கு ஐ.எஸ். 710. பிறகு ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், நெளிவு இருந்தால் தெரிந்துவிடும். விரலை மடக்கித் தட்டினால் உள்ளே தகடு விட்டுப்போன இடத்தில் ஓசை மாறும். வெட்டு ஓரத்தில் ஓட்டை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 96-க்கு 48 அங்குலம். 15-க்கு 12 பலகை எத்தனை வரும்? நீளத்தில் ஆறு, அகலத்தில் நாலு, மொத்தம் 24. காகிதத்தில் சரி. ஆனால் அகலத்தில் நாலு துண்டு போட மூன்று வெட்டு வேண்டும். வெட்டுக்கு 3 மி.மீ. வீதம் ரம்பம் 9 மி.மீ. தின்றுவிடும். ஆகவே உங்கள் 12 அங்குலம் 2 மி.மீ. சொச்சம் குறைவாகத்தான் வரும். அதனால் பலகை கைக்கு வந்த பிறகு ஃபிரேமுக்கு அளவு கொடுங்கள். ஒருவர் ஒரு ஷீட் வாங்க வேண்டியதும் இல்லை, ஆறு பேர் சேர்ந்தால் ஆளுக்கு நாலு பலகை. மரக்கடையிலேயே மெஷினில் வெட்டித் தருவார்கள். நம் பால்கனியில் ரம்பம் வேண்டாம்.

காசில்லாத வழியும் ஒன்று உண்டு. நம் கட்டிடத்தில் எப்போதும் ஏதாவது ஒரு வீட்டில் அலமாரி வேலை நடந்துகொண்டே இருக்கிறது. மீதித் துண்டுகள் குப்பை அறையில் கிடக்கின்றன. அந்த வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 18 மி.மீ. இருக்கும், கனம், ஆனால் வளையாது. இரண்டை மட்டும் தள்ளிவிடுங்கள்: ஒரு பக்கம் மைக்கா ஒட்டியது, அதன் கணக்கு ஏற்கெனவே கோணல், குண்டூசி அளவு துளையும் கீழே மாவும் இருப்பது, அது உளுத்தது. பூச்சியோடு வீட்டுக்குள் வரும்.

படம் பெரிதாக, 24-க்கு 18 என்று வைத்துக்கொண்டால், கனத்தைக் குறைக்க 6 மி.மீ. பிளைவுட்டுக்குப் பின்னால் சட்டம் கட்டலாம். ஓர் அங்குல ரீப்பர் நாலு ஓரத்துக்கும், நடுவில் குறுக்கே ஒன்று. மூலையில் 45 டிகிரி வெட்டெல்லாம் வேண்டாம், நேர் வெட்டே போதும். ஆனால் ஒட்டுவதற்கு முன் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் வைத்துப் பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரமாக நிற்கிறது என்று அர்த்தம். ஃபெவிகால் தடவி, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு ராத்திரி விடுங்கள். முன்பக்கத்திலிருந்து ஆணி அடிக்காதீர்கள். ஆணித்தலை துருப்பிடித்து என்றாவது ஒருநாள் சாமி முகத்தில் பழுப்புப் புள்ளியாக வெளியே வரும். சட்டத்துக்கு உள்ளே தெரியும் பின்பக்கத்துக்கும் பூச்சு உண்டு, அதை மறக்க வேண்டாம்.

இனி பூச்சு. முதலில் உப்புத்தாள் 120-ஆம் நம்பரால் இரண்டு முகத்தையும் லேசாகத் தேய்த்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை முன், பின், நாலு ஓரம் எல்லாவற்றுக்கும் ஒரு பூச்சு. ஓரத்தை விடாதீர்கள், மரம் அதிகம் தண்ணீர் குடிப்பது அந்த வெட்டு முகத்தில்தான். காய்ந்ததும் துணி. காடாத் துணியைக் கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்து, பலகையை விட எல்லாப் பக்கமும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். பசை தடவி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவினால் காற்றுக் குமிழி நிற்காது. பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போடுவது போல மூலையை மடித்துப் பின்னால் ஒட்டிவிட்டு, பின்பக்கத்துக்கு இன்னொரு துணி.

சுண்ணம்தான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். மெல்லிய சாக் பவுடரைச் சலித்து, அரபிக் கம் கரைசலோ தண்ணீர் விட்ட ஃபெவிகாலோ சேர்த்து, தோசை மாவை விடக் கொஞ்சம் தளரக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு பூச்சு நீளவாக்கில், காய்ந்த பின் அடுத்தது குறுக்குவாக்கில். இப்படி ஆறு மெல்லிய பூச்சு. அவசரப்பட்டு இரண்டு தடிமனான பூச்சாகப் போட்டால் வெடிக்கும். வெயிலில் காயவைத்தாலும் வெடிக்கும், நிழல்தான் சரி. முதல் பூச்சு காய்ந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி ஒட்டினால் பசை போதவில்லை. உப்புத்தாள் வழுக்கிக்கொண்டு போய், தேயவே மாட்டேன் என்றால் பசை அதிகம். இரண்டாவது பூச்சிலேயே திருத்திவிடலாம். ஆறும் முடிந்த பிறகு 220, அப்புறம் 400 நம்பர் தாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் துணியின் இழை கைக்குத் தெரியக்கூடாது.

இளைஞர்கள் சிலர் அக்ரிலிக்கில் வரைகிறீர்கள். உங்களுக்குச் சுண்ணம் வேண்டாம், ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் ஜெஸ்ஸோ மூன்று பூச்சு போதும். ஆனால் அதற்கு முன் மரத்தை மூடும் பூச்சு கட்டாயம். இல்லாவிட்டால் மரத்தின் சாறு ஊறி வெள்ளை நிறம் பழுப்பாகும். எண்ணெய் வண்ணக்காரர்களும் வெறும் துணியிலோ மரத்திலோ நேராக வரையாதீர்கள், எண்ணெய் இறங்கித் துணி மக்கிப்போகும்.

இப்போது சங்கத்தின் சார்பில் இரண்டு வார்த்தை. தேய்க்கும் வேலையை மாடியில், முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். வராந்தாவில் செய்தால் எதிர்வீட்டுச் செருப்பெல்லாம் வெள்ளையாகிவிடும், புகார் என்னிடம்தான் வருகிறது. சாக் கரைசல் பாத்திரத்தை சிங்க்கில் கழுவாதீர்கள். வாளியில் ஊற்றி ஒருநாள் வைத்தால் வண்டல் அடியில் தங்கும், அதை வழித்துக் குப்பையில் போடுங்கள். குழாய்க்குள் போய் அது கெட்டியானால் கீழ்வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் பிளம்பரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

கடைசியாக, மாட்டும் விஷயம். ஃபிரேம் கடையில் பலகையை இறுக்கித் திணிக்க வேண்டாம், சுற்றி 2 மி.மீ. இடம் விடச் சொல்லுங்கள். அது அசைய நினைத்தால் அசையட்டும். ஃபிரேமின் கீழ் மூலைகளில் பின்னால் இரண்டு கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். குளியலறையை ஒட்டிய சுவரும், மழையில் ஓதம் காக்கும் வெளிச்சுவரும் வேண்டாம். நம் கட்டிடத்தில் ஏ பிளாக் மேற்குப் பக்கத்துக்காரர்களுக்கு எந்தச் சுவர் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு மரக்கடைக்குப் போகிறேன். ஷீட்டைப் பங்குபோட நாலு பேர் சேர்ந்துவிட்டார்கள், இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. கேள்விகளை டீ குடித்துக்கொண்டே கேட்கலாம்.